டெல்பர்ட்டைச் சுமந்த பான்டியாக்

ஒரு மனிதனின் நேர்மையை, அவனுடைய காரின் பின்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். என் கார் அறுபத்தெட்டாம் வருஷத்துப் பான்டியாக். இரண்டு அங்குலம் தொங்கியது.

அதனால் காற்று ஷாக் அப்சார்பர் மாட்டினேன். உள்ளே ரப்பர் பை, நம்பர் பலகைக்குப் பின்னால் ஒரு வால்வு. சைக்கிளுக்கு அடிப்பதுபோல் காற்றடித்தால் பின்பக்கம் எழுந்து நிற்கும். எங்கள் இண்டியானாவில் இதற்கெல்லாம் யாரும் வெட்கப்படுவதில்லை. என் மனைவியின் அண்ணன் டெல்பர்ட்தான் எனக்காக வெட்கப்பட்டான்.

பழைய கார் கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், என் வீட்டில் சுட்ட பன்றிக்கறியைத் தின்றுகொண்டே, கார் மன்றத்தார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"என்ன மாப்ள, கெழவனுங்க மாட்டுற பலூனை மாட்டி வச்சிருக்க? டிக்கில ஒரு ஆளை ஏத்திப் பாரு, நாய் மாதிரி குந்திக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனபின், ஏற்றித்தான் பார்ப்போமே என்றேன். நியாயமான யோசனைதான். டெல்பர்ட் நல்ல கனம். பீர் டப்பாவோடு தானே ஏறிப் படுத்தான். கார் அமுங்கியது. காற்றடித்தேன், நிமிர்ந்தது.

"இப்பத் தொங்குதா மச்சான்?"

"தொங்கும்டா. மாட்டுனது நீயில்ல?"

டிக்கியை மூடினேன். தொங்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் திறக்கிறேன் என்றேன். தட்டினான். தட்டுவது ஒப்புக்கொள்வதாகாது. ஜூலை வெயிலில் கார் நிற்கும் எங்கள் தகரக் கொட்டகை எப்படிக் கொதிக்கும் என்று அவனுக்கும் தெரியும். அந்தக் குடும்பமே பிடிவாதம் பிடித்தது. சாயங்காலத்துக்குள் சத்தம் நின்றது. அப்போதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் கண்காட்சியில் கார் அப்படி மட்டமாக நின்றது, டிக்கி மூடிமேல் கோலிக்குண்டு வைத்திருந்தால் உருண்டிருக்காது. வந்தவர்கள் பெயின்ட்டைப் பார்த்தார்கள், இருக்கையைத் தடவினார்கள். இவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கிறதே என்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை ஐயா.

அப்போதுதான் உங்கள் இளம் காவலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கடைசியில் ஒருவராவது கவனித்தாரே என்று நினைத்தேன்.

"உள்ள முழுசா ஒரு ஆள் கெடக்கான் தம்பி. தொங்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று சாவியை நீட்டினேன்.

அவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்திருந்தார்.