இருபத்திமூணாம் வாரத்து டூட்டி லிஸ்ட்

இல்ல சார், அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்க. விசாரணை ரிப்போர்ட்ல மென்பொருள் கோளாறுன்னு எழுதிட்டீங்களா? பேனாவுலயா? சரி பரவால்ல, அடிச்சுத் திருத்திக்கலாம். அதுல கோளாறு எதுவும் இல்ல சார். அதை ஏத்திக் குடுத்த கம்ப்யூட்டர்காரர் மேலயும் தப்பு இல்ல. அவரு பாவம், ரெண்டு மாடி ஏறி வந்தாலே அரை மணி நேரம் மூச்சு வாங்குற மனுஷன். ஒழுங்காச் சொல்லிக் குடுக்கலன்னு அவரை வேலைய விட்டு அனுப்பப் போறதா காலைல கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. அதான் ஓடி வந்தேன். நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் சொல்றத முழுசாக் கேட்டுருங்க.

உக்காரலாமா? தேங்க்ஸ். தண்ணியெல்லாம் வேணாம்.

இப்ப கேள்வி என்ன? ரிட்டையர் ஆன ஒரு அறிவிப்பாளர் ஏழு வாரம் நம்ம பஸ் ஸ்டாண்டு மைக்குல எப்படி உக்காந்து பேசினாருங்கறது. அவ்வளவுதான? டூட்டி லிஸ்ட் என் மேஜையிலேர்ந்துதான் போச்சு. இருபத்திரெண்டு வருஷமா இந்த பஸ் ஸ்டாண்டுக்கு லிஸ்ட் போடறவ நான்தான். யாரு கவுன்ட்டர், யாரு கூட்டிப் பெருக்கறது, யாரு சாமான் அறை, யாரு மைக்கு, யாருக்கு என்னைக்கு லீவு, எல்லாம். என்னைப் பாத்தா இங்க எல்லாரும் சிரிப்பாங்க. பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழமை லீவு வேணும்ல.

நீங்க அந்த ப்ரோக்ராமைப் பாத்திருக்கீங்களா? இல்லையா. பாக்காமலே கோளாறுன்னு எழுதிட்டீங்க. கோச்சுக்காதீங்க சார், சும்மா சொன்னேன்.

முன்னாடி எங்க கம்ப்யூட்டர்ல இருந்தது சாதாரண விண்டோஸ் ஜன்னல். மஞ்ச மஞ்சளா ஃபோல்டர் இருக்கும், மவுஸால ரெண்டு தட்டு தட்டினா தொறக்கும், இங்க புடிச்சு இழுத்து அங்க போட்டா விழும். பாதி நேரம் வழியிலயே எங்கயாவது விழுந்துரும், அது வேற. போன வருஷம் பஸ் ஸ்டாண்டு மேனேஜரோட பொண்ணு கல்யாண போட்டோ மொத்தமும் கழிவறைச் சுத்தம்ங்கற ஃபோல்டருக்குள்ள கெடந்துச்சு. எப்படிப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால தலைமை ஆபீஸ்லேர்ந்து ஆர்டர். இனிமே எல்லாரும் இந்தப் புதுசுலதான் ஃபைலை எடுக்கணும் வைக்கணும்னு.

தொறந்தா நீலக் கலர்ல ஒரு திரை சார். நடுவுல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் ஒரு பட்டியல், ரெண்டும் ஒட்டிப் பொறந்த மாதிரி. மொத நாள் கண்ணுல பவர் ஏறிடுச்சுன்னு நெனச்சு கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். நெஜமாத்தான். கண்ணு நல்லாத்தான் இருக்கு, வேற என்ன பிரச்சனைன்னு கேட்டாரு. ஆபீஸ்தான் பிரச்சனைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மவுஸ் தேவையே இல்லையாம். கீபோர்டுக்கு மேல வரிசையா இருக்குமே, எதுக்கு வெச்சிருக்கான்னே தெரியாத பட்டன், அதெல்லாம் இதுக்குத்தானாம். அஞ்சை அமுக்கினா காப்பி. ஆறு நகத்தறது. எட்டு அழிக்கறது. நடுவுல ஏழை அமுக்கினா புது ஃபோல்டர். நகத்தறதுக்கும் அழிக்கறதுக்கும் நடுவுல புதுசா ஒண்ணு கட்டற பட்டனைக் கொண்டுபோய் எவனாவது வைப்பானா? விரல் கொஞ்சம் வழுக்கினா போச்சு. கம்ப்யூட்டர்காரர்கிட்டக் கேட்டேன். நாப்பது வருஷமா இப்படித்தாங்க இருக்குன்னாரு. நம்ம நாலாம் நம்பர் மேடைக் கூரை ஓட்டை மாதிரின்னு சொல்லுங்கன்னேன். சிரிச்சு சிரிச்சு அவருக்கு மூச்சே வரல, ஓடிப் போய் மருந்து அடிச்சுக்கிட்டாரு.

அவரு சொல்லிக் குடுத்தாரு சார், நல்லாத்தான் சொன்னாரு. இங்கேர்ந்து எடுத்து அங்க போடணும், ரெண்டு பக்கமும் கண்ணு முன்னாடியே இருக்கறதால எங்க போச்சுன்னு தேட வேணாம், அதுதான் இதோட அழகுன்னாரு. நான் என்ன பண்ணேன், இடது பக்கம் எடுக்கற இடம், வலது பக்கம் போடற இடம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஸ்க்ரீனுக்குக் கீழ ஒட்டிட்டேன். அவரு அப்படிச் சொல்லவே இல்ல. நானா முடிவு பண்ணது. அது அப்படி இல்ல சார். வெளிச்சமா ஒரு பட்டை இருக்கும், அது எந்தப் பக்கம் நிக்குதோ அதுதான் எடுக்கற பக்கம். டேப் பட்டனைத் தட்டினா பட்டை அந்தப் பக்கம் தாவிடும். நம்ம கண்ணு இங்கயே இருக்கும், அது அங்க போய் நிக்கும். இப்ப நீங்க என்னைப் பாத்துக்கிட்டே கடிகாரத்தைப் பாக்கறீங்கல்ல, அப்படி.

இல்ல இல்ல, சீக்கிரம் சொல்லிடறேன்.

அன்னைக்குச் சனிக்கிழமை. இருபத்திமூணாவது வாரத்து லிஸ்ட் நாலு மணிக்குப் போகணும். இடது பக்கம் இந்த வருஷம், வலது பக்கம் போன வருஷத்துப் பழசு. பழசு இருக்கற எடத்துல புதுசுக்கும் ஒரு காப்பி வெச்சுக்கலாம்னு அஞ்சை அமுக்கினேன். ரெண்டு பக்கமும் வாரம் இருபத்திமூணுன்னு ஒரே பேருல ஃபைல் இருக்கு, அதைக் கவனிக்கல. பட்டை வலது பக்கம் நின்னதையும் கவனிக்கல. அது கேட்டுச்சு சார், பொய் சொல்லக் கூடாது. அங்க இருக்கறது புதுசு, இது பழசு, புதுசு மேல பழசை எழுதட்டுமான்னு தெளிவாக் கேட்டுச்சு. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் கேக்கற கேள்விய யாரு படிக்கறா? எல்லாத்துக்கும் சரின்னு ஒரு பட்டன் இருக்கு. அதைத் தட்டிட்டு முகம் கழுவப் போயிட்டேன். நாலு மணிக்கு கம்ப்யூட்டரே, இடது பக்கம் இருந்த லிஸ்டை எல்லாரு ஃபோனுக்கும் மெசேஜ் அனுப்பிருச்சு. போன வருஷத்து லிஸ்டை.

திங்கக்கிழமை நீங்க வந்து பாத்திருக்கணும். சாமான் அறையில ஆளே இல்ல. விசாரணை கவுன்ட்டர்ல ஒரு நாற்காலிக்கு மூணு பேரு, யாரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க. துப்புரவுலேர்ந்து பதவி உயர்வு வாங்கி டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனவரு ஒருத்தரு, அவருக்கு முதல் மேடையக் கூட்டச் சொல்லி மெசேஜ். நேரா என் மேஜைக்கு வந்து துடைப்பத்தை வெச்சாரு. திரும்பிக் கவுன்ட்டருக்குப் போயிட்டாரு. நான்தான் கூட்டினேன் சார், முதல் மேடைய, அன்னைக்கு.

நீங்க கேக்கற அந்த அறிவிப்பாளர் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு அஞ்சு அம்பத்துநாலுக்கு வந்தாரு. இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். ரிட்டையர் ஆகிப் பத்து மாசம் ஆச்சு, ஆனா மெசேஜ் போற பட்டியல்லேர்ந்து அவரு ஃபோன் நம்பரை யாரும் எடுக்கல. அது என் வேலை இல்ல, உங்க தலைமை ஆபீஸ் வேலை, அதையும் எழுதிக்கோங்க. கேபினைத் தொறந்தாரு, மைக்கைத் துடைச்சாரு, பயணிகளின் கனிவான கவனத்திற்குன்னு ஆரம்பிச்சுட்டாரு. புது அறிவிப்பாளர் பொண்ணு லிஸ்ட்லயே இல்ல, லீவுன்னு நெனச்சு சந்தோஷமா வீட்டுல தூங்கிடுச்சு. யாராவது ஏன்னு கேட்டாங்களா? ஒரு ஆளு கேக்கல. சூப்பர்வைசர் அவருக்கு வணக்கம் வெச்சிருக்காரு. கான்ட்ராக்ட்ல திரும்ப எடுத்திருப்பாங்கன்னு அவனவன் நெனச்சுக்கிட்டான். ஆபீஸ்ல ஒரு ஆளு நாற்காலியில உக்காந்துட்டா அவரு அங்க உக்காரத்தான் வந்திருக்காருன்னு அர்த்தம். உங்களையும் காலைல யாரும் யாருன்னு கேக்கலல்ல?

இல்ல சார், சம்பளம் எதுவும் அவருக்குப் போகல. அவரு கேக்கவும் இல்ல.

எனக்கா? எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? அவரு எங்க வீட்டுக்காரர் சார். ஃபைல்ல ஒன்பதாம் பக்கம் பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம். நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

சிரிச்சுட்டீங்க. பரவால்ல, சிரிங்க. இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லல பாருங்க. ஞாயித்துக்கிழமை லீவு.

முப்பத்தொரு வருஷம் மைக்குல பேசினவரு சார். வீட்டுல எப்பவுமே கம்மிதான், வேலையிலயே வார்த்தைய எல்லாம் செலவு பண்ணிட்டு வருவாருன்னு நான் கேலி பண்ணுவேன். நான் பேசுவேன், அவரு ம் சொல்லுவாரு. எங்க குடும்பமே அந்த ம்லதான் ஓடுச்சு. ரிட்டையர் ஆனாரு, அந்த ம்மும் நின்னுபோச்சு. மொத மாசம் நிம்மதின்னு நெனச்சேன், பொய் எதுக்கு. ரெண்டாவது மாசம் டிவிய சத்தம் இல்லாம வெச்சுப் பாக்க ஆரம்பிச்சாரு. நியூஸ்காரன் வாயத் தொறந்து தொறந்து மூடுவான், இவரு பாத்துக்கிட்டே இருப்பாரு. பையன் ஃபோன் பண்ணா எடுத்து எங்கிட்ட நீட்டுவாரு. சாப்பிட வாங்கன்னா வருவாரு, உப்பு இல்லன்னாலும் சாப்பிட்டுருவாரு. நான் வேணும்னே ஒரு நாள் உப்பே போடாம வெச்சேன் சார். திட்டுவாருன்னு பாத்தேன். தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போய் உக்காந்துட்டாரு. டாக்டர் டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு தொண்டை கிளி மாதிரி இருக்குங்கறாரு. கிளின்னா பேசணும்ல டாக்டர்னு கேட்டேன். எனக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாரு, தூக்க மாத்திரை.

மெசேஜ் வந்ததை அவரு எங்கிட்டச் சொல்லல, திங்கக்கிழமை நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிட்டாரு, ஸ்பீக்கர்ல கொரலைக் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அவரு வந்துட்டாரு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போறேன், என்னன்னு சொல்றது, தப்பா வந்துருச்சுன்னு எப்படிச் சொல்றது. வாசல்லயே நிக்கறாரு. ரெண்டாம் மேடை ஸ்பீக்கர் கரகரங்குது, எத்தனை நாளா இப்படி விட்டு வெச்சிருக்கீங்கன்னாரு. நான் செருப்பைக் கூடக் கழட்டல. அந்தப் புதுப் பொண்ணு ஊர்ப் பேரை முழுங்குதாமே, டிரைவருங்க சொல்றாங்க, நான் வந்து சொல்லித் தரவான்னாரு. சாப்பிடும்போது பேசறாரு, கை கழுவும்போது பேசறாரு, வெளக்கை அணைச்சப்புறமும் பேசறாரு. கொஞ்சம் சும்மா இருங்க, காலைல வேலைக்குப் போகணும்னு நானே சொன்னேன். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதேன் சார். சந்தோஷத்துலதான். ஏன் திடீர்னு கூப்பிட்டாங்கன்னு கேட்டாரு. ஆள் வேணும்னு சொன்னாங்க, உங்களை மாதிரி வரலையாம்னு சொல்லிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இடது பக்கம் இந்த வருஷம், வலது பக்கம் போன வருஷம். பட்டை எந்தப் பக்கம் நிக்குதுன்னு ரெண்டு தரம் பாத்தேன். வலது பக்கம் போன வருஷ லிஸ்ட்ல மைக்குக்கு நேரா அவரு ஸ்டாஃப் நம்பர். இடது பக்கம் அதே எடத்துல அதே நம்பரை அடிச்சேன். புதுப் பொண்ணைக் கவுன்ட்டருக்கு மாத்தினேன், அங்கயும் ஆள் கம்மிதான். இருபத்திநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, அப்படியே இருபத்தொன்பது வரைக்கும். ஆமா சார், தெரிஞ்சேதான். இப்ப அந்த ப்ரோக்ராமை என்னை விட நல்லா ஓட்டற ஆளு இந்தக் கட்டடத்துலயே இல்ல. பழைய ஜன்னல்ல எப்படி வேலை பாத்தோம்னே தோணுது.

அதனால கம்ப்யூட்டர்காரரை விட்டுருங்க. என்னை அனுப்பணும்னா அனுப்புங்க, எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, போனாப் போகுது.

ஒண்ணே ஒண்ணு. மொத வாரம் மட்டும் கைதவறிப் போனது, மத்த ஆறு வாரம் வேணும்னு பண்ணதுன்னு பிரிச்சு எழுதாதீங்க. ஏழும் நான் வேணும்னேதான் பண்ணேன்னு எழுதிருங்க. ஆமா, பொய்தான். எனக்குப் பாதகம்னும் தெரியும் சார். ஆனா இந்த ஆர்டர் காப்பி வீட்டு விலாசத்துக்குத்தான வரும், அவரு படிப்பாரு. மொத மெசேஜ் தப்பா வந்ததுன்னு இருந்துச்சுன்னா, அவரை யாருமே கூப்பிடலன்னு ஆயிடும். கூப்பிடாத எடத்துக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு ஓடி வந்தாருன்னு ஆயிடும். மறுபடி டிவி முன்னாடி போய் உக்காந்துருவாரு. பொண்டாட்டி கூப்பிட்டான்னு இருந்தா வேற. கோவம் வரும். யாரைக் கேட்டுடி பண்ணேன்னு வீடு அதிரக் கத்துவாரு. கத்தட்டும் சார், கத்தறதுக்கும் வாயத் தொறந்துதான ஆகணும்.

கையெழுத்து எங்க, இங்கயா?