இரண்டாவது ஏவுகணை

அலாரம் அடிக்கிறது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. மறுபடி ஏழு. மறுபடி ஒன்று. நான் கப்பலின் சமையலறையில் நிற்கிறேன். கையெல்லாம் சப்பாத்தி மாவு. வானத்தில் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. பிறகு தரை என்னைத் தூக்கி எறிகிறது.

"மாப்ள, ஜன்னல விட்டு வா! உள்ள வா, உள்ள!"

கத்தியவன் ரஹீம். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. என் சட்டையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்தான். இரண்டு பேரும் குப்புறப் படுத்தோம். நான் நின்ற இடத்தில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் கொட்டிக் கிடந்தது.

நான் ஆவூர்க்காரன். ரஹீம் கோட்டைப்பட்டினம். இருவருக்கும் புதுக்கோட்டை மாவட்டம்தான் என்று தெரிந்த அன்றே என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். இறந்தது அவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி இறந்தான் என்பதற்குத்தான் இந்தச் சாட்சியம்.

உக்ரைனில் ஒரு துறைமுகம். மக்காச்சோளம் ஏற்றப் போயிருந்தோம். பாதி ஏற்றியிருந்தபோது ரஷ்யா படையெடுத்தது. துறைமுகத்தை மூடிவிட்டார்கள். கடலில் கண்ணிவெடி. கரையில் ஊரைச் சுற்றிச் சண்டை. கப்பல் நகரவில்லை. நாங்களும் நகரவில்லை. சைரன் கேட்டால் எஞ்சின் அறைக்கு ஓடுவோம். நின்றதும் மேலே வருவோம். சில நாள் சைரன் நிற்கவே இல்லை. எஞ்சின் அறையிலேயே சாப்பிட்டோம். சாப்பிட்டது வயிற்றில் தங்காது. என்னோடு இருந்த ஒரு பெரிய ஆள், பத்துப் பன்னிரண்டு கப்பல் பார்த்தவர், படுத்தபடியே சிறுநீர் கழித்துவிட்டார். மாற்றிக்கொள்ள ஒரு கைலி எடுத்துக் கொடுத்தோம்.

கரையில் கிரேன் ஓட்டுபவர் ஒலேனா. என் அக்கா வயது இருக்கும். ஏற்றுமதி நின்ற பிறகும் கிரேனைப் பார்த்துக்கொள்ளத் தினமும் வருவார். எங்கள் கப்பலுக்குக் கரையிலிருந்து தண்ணீர்க் குழாயை இணைத்துக் கொடுப்பார். ரொட்டி கொண்டு வருவார். பதிலுக்கு ரஹீம் பருப்புக் குழம்பு கொடுப்பான். காரத்தில் கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் பாத்திரத்தை வழித்துவிட்டுத்தான் தருவார். இது சரக்குக் கப்பல், ஆயுதம் இல்லை என்று படுக்கை விரிப்புகளில் பெயின்ட்டால் எழுதி மேல்தளத்தில் கட்டினோம். ஆங்கிலத்தில் நாங்கள் எழுதினோம். ரஷ்ய மொழியில் எழுதிக் கொடுத்தது ஒலேனா.

அந்த அலாரத்துக்கு முந்தின நாள் கேமரா வைத்த ட்ரோன் வந்தது. பழைய மொபெட் மேடு ஏறுவது போல இரைச்சல். தாழ்வாக வந்தது. எங்கள் கப்பலைச் சுற்றியது. அந்த விரிப்புகளின் மேல் நின்றது. போனது. திரும்பி வந்தது. நான் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். என்ன பயம் என்றால், கீழே இறக்கவும் பயம். அதை ஓட்டிய ரஷ்யர்கள் எங்களைப் பார்த்தார்கள். எழுத்தைப் படித்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் காலைதான் அந்த அலாரம். முதல் ஏவுகணை கிரேனின் அடியில் விழுந்தது. நடைபாதையிலிருந்து எழுந்து எட்டிப் பார்க்கிறோம். கிரேன் எங்கள் கப்பல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கிரேன் ஓட்டும் கூண்டுக்குள் ஒலேனா. கை அசைகிறது. உயிர் இருக்கிறது.

துறைமுகத் தொழிலாளிகள் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது. ரஹீம் இறங்கு ஏணியில் பாதி தூரம் போய்விட்டான்.

"டேய், போகாத! ரஹீமு!"

"அந்த அக்கா உள்ள கெடக்குதுடா. நீ மருந்துப் பெட்டிய எடுத்துக்கிட்டு வா."

மேலே ஓடினேன். இரண்டு மாடிப் படி. பெட்டி இருந்த அலமாரியின் பூட்டு திறக்கவில்லை. தீயணைக்கும் கருவியால் அடித்து உடைத்தேன். எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெளியே ட்ரோன் இரைச்சல் மறுபடி கேட்டது. தலைக்கு நேர் மேலே. அது போகவே இல்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. யார் ஓடி வருகிறார்கள், எத்தனை பேர் கூடுகிறார்கள், எல்லாம்.

துணி கிழியும் சத்தம்.

கதவுக்கு உள்பக்கம் இருந்தேன். அதனால் இருக்கிறேன்.

புகை விலகியபோது ஆம்புலன்ஸ் இல்லை. கூண்டு இல்லை. ஏணி ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஹீமின் ஒரு காலணியை மட்டும் பார்த்தேன். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இடது காதில் ரத்தம் வழிந்தது.

மீதிப் பேரைப் பேருந்தில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தலையை முழங்காலுக்கு இடையில் வைத்திருந்தேன். ஊர் வந்தும் அப்படித்தான் உட்காருகிறேன். ஜன்னல் உள்ள அறையில் படுக்க முடிவதில்லை. நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் பாய் போட்டுக்கொள்கிறேன்.

பல வாரம் கழித்து ரஹீம் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தான். மூடிய பெட்டி. திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆம்புலன்ஸின் முன் சீட்டில் நான் உட்கார்ந்து போனேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி தாண்டி, கோட்டைப்பட்டினம் வரை ஓட்டுநர் ரேடியோவைத் தொடவில்லை.

பிறகுதான் அந்த அழைப்பு. போர்க்குற்றங்களை விசாரிக்கிற அதிகாரிகளுக்காக ஒரு வழக்கறிஞர் பேசினார். வீடியோவில் சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டார். கப்பல் வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட்டும் அதே வாரம் கூப்பிட்டார். சாட்சி கீட்சி என்று போனால் இனி எந்தக் கப்பலிலும் ஏற முடியாது என்றார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேவியரு, நமக்கு எதுக்குய்யா? அவன் எம்புட்டுப் பெரிய நாடு. நாம ஆவூர்ல கெடக்கோம். ஒனக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

அப்பாவின் பயம்தான் என் பயமும். கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ரஹீமின் மனைவி நசீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர்கள் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. ஏழு மாதக் கர்ப்பம் என்று ரஹீமின் தம்பி சொன்னார். நசீமா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"அண்ணே, அவரு எப்படிப் போனாருன்னு எல்லாரும் ஒன்னுதான் சொல்றாங்க. சண்டை நடந்துச்சு, குண்டு விழுந்துச்சு. மழை பேஞ்சதச் சொல்ற மாதிரி சொல்றாங்க. நெசமாவே அப்படித்தானா?"

"இல்லம்மா. பாத்துத்தான் போட்டாங்க. காப்பாத்த ஆளு கூடுற வரைக்கும் காத்திருந்து போட்டாங்க."

சாட்சி சொல்லக் கூப்பிட்டிருப்பதையும் சொன்னேன்.

"அப்ப அதப் போயிச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா எம்புள்ளைக்கும் மழை கதையத்தான் சொல்லணும்."

இலுப்பூரில் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. நாற்காலியைச் சுவரோடு போட்டுக் கொடுத்தார்கள். திரையில் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். முதல் ஏவுகணைக்கும் இரண்டாவதற்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். கடிகாரம் பார்க்கவில்லை என்றேன். இரண்டு மாடி ஏறி, ஒரு பூட்டை உடைத்து, கீழே இறங்கி வரும் நேரம் என்றேன். ஒருவர் அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடி வரப் போதுமான நேரம். ட்ரோனில் பார்த்துக்கொண்டிருந்தவர் வேண்டாம் என்று சொல்லவும் போதுமான நேரம். அவர் எழுதிக்கொண்டார். என் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடைசி வரை சொன்னேன்.

ஏஜென்ட் அதன்பின் என் போனை எடுப்பதில்லை. இப்போது விராலிமலை ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். விசாரணை இன்னும் நடக்கிறது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஏவுகணைக்கு ஒருவர் உத்தரவு கொடுத்தார். ஒருவர் பொத்தானை அழுத்தினார். அந்த ஊருக்குள் படையை அனுப்ப ஒருவர் முடிவு செய்தார். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. பதவி இருக்கிறது. அவர்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். மன்னிப்பும் சமாதானமும் அதற்குப் பிறகு பேசலாம்.

அன்று காலை அந்தக் கரையில் நாங்கள் இழந்தவர்கள்: கோட்டைப்பட்டினம் ரஹீம். கிரேன் ஓட்டிய ஒலேனா. ஓடி வந்த துறைமுகத் தொழிலாளிகள் இரண்டு பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, கேட்டு விசாரணை அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர் ஒருவர்.

ஐந்து பேர். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை.