யார் சொன்னது என்று கேட்ட நிர்மலாதேவி

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் முனியாண்டி ஐயா அவர்களே, மகளை இழந்து முன்வரிசையில் இருக்கும் அப்புசாமி மாமா, ராஜம்மா அத்தை அவர்களே, பெம்பானிலிருந்தும் சிம்பாங் அம்பாட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். என் பெயர் ஷாந்தினி. ஐந்தாம் படிவ மாணவி. மறைந்த நிர்மலாதேவி அக்காவின் பக்கத்து வீடு.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவை அடக்கமானவர் என்றார்கள், குடும்பத்துக்கு விளக்கு என்றார்கள். ஆனால் அவர் என்ன படித்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். நான் எழுதிக் கொடுத்தது, "மனிதத் தொடர்பியல் இளங்கலை, மூன்றாம் ஆண்டு மாணவி". அச்சாகி வந்திருப்பது, "பல்கலைக்கழக மாணவி". கேட்டதற்கு இடம் போதவில்லை என்றார்கள். நாற்காலி வாடகைக்கு விட்டவரின் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் இடம் போதியிருக்கிறது. அப்படியானால் எந்தச் சொல்லுக்கு இங்கே இடமில்லை? "தொடர்பு" என்ற சொல்லுக்குத்தானே?

அந்தச் சொல்லால் அக்காவின் பெயருக்கு நேர்ந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அதைப் பேசாமல் மலர் மட்டும் தூவிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்கு அக்கா ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார். கணவனும் மனைவியும் ஒரே கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும்போது எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமலே புரிந்துகொள்கிறார்கள்? தனியாகப் போக வேண்டாம் என்று ராஜம்மா அத்தை சொன்னதால் நானும் கூடவே போவேன். முதலில் போனது கிளேபாங்கில் கோகுலராஜ் அண்ணனின் இளநீர்க் கடைக்கு.

"அண்ணே, உங்க தொடர்பு பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றார் அக்கா.

அண்ணனின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்ன தொடர்பு? எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லலா. எவன் சொன்னான்?"

உள்ளே இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி நளினி அக்கா கத்தியோடு வெளியே வந்தார். "நீ கேளு தங்கச்சி. எனக்கும் ரொம்ப நாளா தெரியணும்."

விஷயம் புரிந்ததும் எல்லாரும் சிரித்தோம். "கம்யூனிகேஷன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாம்மா, உசிரு போயிட்டு வந்துச்சு" என்றார் அண்ணன். அன்று நெடுநேரம் பேசினார்கள். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் அன்று கடை வரிசையில் நம் ஊர்க் கார் ஒன்று நின்றது. யாருடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சந்தேகம் இருக்கிறது. அடுத்த பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறி வாங்கும்போதே என் காதில் விழுந்தது: "நிர்மலாவுக்குக் கிளேபாங்குல தொடர்பாம். கடைக்காரனாம். கல்யாணம் ஆனவனாம்."

அதன் பிறகு வீடுகள் மூடிக்கொண்டன. பேச ஒப்புக்கொண்டிருந்த ஒருவர் ஜன்னல் வழியாகவே, "வீட்டுல ஆளு இல்ல" என்றார். "ஆளு இல்லன்னு ஆளே வந்து சொல்லிட்டுப் போறாரு பாரு" என்று அக்கா சிரித்தார். பஸ்ஸில் ஏறியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஷாந்தி, அவங்க பேசினதுல கடைசியில ஒரு 'ஆம்' வருது, கவனிச்சியா? இருக்காம், போனாளாம். நம்ம ஆளுங்க வாக்கியத்துக்குப் பின்னாடி ஒரு கதவு வச்சிருக்காங்க. சொல்லவேண்டியதைச் சொல்லிட்டு அது வழியா ஓடிப் போயிடலாம். சொன்னது யாருன்னே தெரியாது."

"நீங்களும்தான் நேத்து சொன்னீங்க. பரீட்சை கஷ்டமாம்னு."

"ஆமா. ஆனா யாரு சொன்னான்னு நீ கேட்டிருந்தா நான் பேரு சொல்லியிருப்பேன்."

பிறகு அவர் ஆய்வின் தலைப்பையே மாற்றிக்கொண்டார். அந்த "ஆம்" எப்படிப் பயணம் செய்கிறது என்பதே புதிய தலைப்பு. தன்னைப் பற்றி வந்த பேச்சையே எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கோபப்படவில்லை. "யாரு அக்கா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். "எல்லாரும்தான் சொல்றாங்க" என்று பதில் வந்தது. "எல்லாருலயும் ஒருத்தர் பேரு சொல்லுங்கக்கா" என்றார். எந்த வீட்டிலும் அந்த ஒரு பெயர் கிடைக்கவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேரிடம் அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். கூட நின்றவள் நான்.

ஆய்வு பாதியில் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. டெங்கி. ரத்தத் தட்டணுக்கள் வேகமாகக் குறைந்தன. அப்புசாமி மாமாவும் ராஜம்மா அத்தையும் மருத்துவமனையை விட்டு நகரவே இல்லை.

இறுதிச் சடங்கன்று உங்களில் ஒருவர் அத்தையின் தோளைத் தொட்டு, "டெங்கியாமே?" என்று கேட்டீர்கள். அந்த இழுப்பு என்னுடைய கற்பனை என்று சொல்ல முடியுமா? அத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆமே என்ன ஆமே? நான்தானே பக்கத்துல இருந்தேன்" என்றார். அன்றைக்கே வாசலில் வேறொரு குரல் கேட்டது: "அவமானம் தாங்காம மருந்து குடிச்சிட்டாளாம்."

பெரியோர்களே, மகளை இழந்த தாயிடம் மிச்சம் இருப்பது அந்த மகளின் பெயர்தான். அதையும் நாம் விட்டுவைக்க மாட்டோமா? இதையெல்லாம் பேசியவர்கள்தான் இன்று வெள்ளை உடுத்தி வந்திருக்கிறார்களா? எனக்குத் தெரியவில்லை. உங்களில் சிலர் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். அதை நான் கவனிக்கிறேன்.

இத்தகைய கூட்டத்தில் பேசுபவர்கள், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி அமர்வது வழக்கம். நானும் கூறுகிறேன். பள்ளிப் படிப்பை முடித்து, மனிதத் தொடர்பியல் துறைக்கே விண்ணப்பிப்பேன். என் அம்மா தலையைக் குனிந்துகொள்வது இங்கிருந்தே தெரிகிறது. மன்னியுங்கள் அம்மா. இந்தப் பெண்ணுக்கும் தொடர்பாம் என்று நாளை பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வாசலுக்குப் போய், யார் சொன்னது என்று நானும் கேட்பேன்.

இன்று நீங்கள் வீடு திரும்பியதும், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்பார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துப் போங்கள். நிர்மலாதேவி டெங்கிக் காய்ச்சலில் இறந்தார். "இறந்தாராம்" என்று சொல்லாதீர்கள். யார் சொன்னது என்று கேட்டால், பெம்பான் ஷாந்தினி சொன்னாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.