மோட்டார் ரூமில் இருந்தவர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் சின்னச்சாமி அவர்களே, எங்கள் நாடகக் குழுவின் தோழர்களே, முன்வரிசையில் மகனைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் அன்னை மாயக்காள் அவர்களே, காமயகவுண்டன்பட்டிப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். மேடையில் இன்னும் ஒருவர் இருக்கிறார், திரைப்பட இயக்குநர் பிரின்ஸ். அவருக்கு வணக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

என் பெயர் வின்சென்ட். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாடகச் செம்மல் ஈஸ்வரபாண்டி எழுதிய பதினான்கு நாடகங்களிலும் வேஷம் கட்டியவன். எப்படிப்பட்ட மனிதரை இழந்திருக்கிறோம்! தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பார்க்க வேண்டும் என்று, வேலை முடிகிற நேரத்தில் வரப்பிலேயே நாடகம் போட்டவர். உத்தமபாளையத்தில் ஒரு தடவை மழை கொட்டி மேடை நாசமானது. கூட்டம் கலைந்து ஏழே பேர் நின்றார்கள். கிளம்பலாம் என்றேன். “ஏழு பேரு வந்துருக்காகல்ல சார்” என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் முழு நாடகத்தையும் நடத்தினார். அவர்தான் ஈஸ்வரபாண்டி.

அந்த மனிதருக்கு நாம் வைத்திருக்கும் பேனரைப் பாருங்கள். அதில் பெரிதாக இருப்பது யாருடைய முகம்? அவர் வாழ்க்கையை வைத்துப் பிரின்ஸ் எடுத்த படத்தில் அவராக நடித்த நடிகரின் முகம். செத்தவர் ஒரு மூலையில், தீப்பெட்டி அளவில் இருக்கிறார். இந்தக் கூட்டம் முடிந்ததும் அதே படத்தை இந்தத் திரையில் போடப்போகிறார்களாம். அஞ்சலியாம்.

அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஒரு பெண் தன் ஆறு வயது மகனைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ரூமில் தள்ளி, பெரிய பூட்டாகப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாள். உள்ளே பையன் இருட்டோடு பேசுகிறான். சுவரில் இருந்து ராஜாவும் ராணியும் இறங்கி வருகிறார்கள். அந்தக் கற்பனையே பின்னால் நாடகம் ஆனது என்று படம் முடிகிறது. நீங்கள் அழுதீர்கள், கை தட்டினீர்கள். அப்புறம் என்ன செய்தீர்கள்? டவுன் பஸ்ஸில் இந்தத் தாயைச் சுற்றி நின்று, “பாட்டி, சாவி எங்க?” என்று கேட்டு வீடியோ எடுத்தீர்கள். ரேஷன் கடை வரிசையில், “பெத்த பிள்ளையப் பூட்டிப்போட்டவக இவகதான்” என்று அவர் காதுபடவே பேசினீர்கள். எண்பது வயதில் ஒருத்தி அரிசி வாங்காமல் வெறும் பையோடு வீடு திரும்பினாள். சீ, நாமெல்லாம் மனிதர்கள்தானா?

ஆனால் உங்கள் மேல் வருகிற அருவருப்பு, என் மேல் எனக்கு வருகிறதில் பாதிகூட இல்லை. ஏனென்றால் அந்தக் கதையைச் சொன்னவன் நான்.

பிரின்ஸ் கேமராவோடு என் வீட்டுக்கு வந்தார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “அம்மா அவனை மோட்டார் ரூமில் விட்டுக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வேலைக்குப் போவார். பையன் உள்ளே தனியாகப் பேசிக்கொண்டிருப்பான்” என்றேன். அவர் கண் மின்னியது. “இது போதும் சார்” என்றார். அந்தப் ‘போதும்’ எனக்கு இனித்தது. மீதியை விழுங்கிவிட்டேன்.

படம் வந்த வாரம் ஈஸ்வரபாண்டி என் வீட்டுப் படியேறினார். கோபப்படவில்லை. “பாதியத்தான் சொல்லியிருக்கீக சார். மிச்சத்தையும் சொல்லீருங்க” என்றார். அடுத்த வாரமே வெற்றி விழா. என் தோளில் பொன்னாடை, கையில் மைக். சொல்லியிருக்க வேண்டியது அங்கேதான். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஏழு மாதம் நாளை, நாளை என்று கடத்தினேன். போன வாரம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எப்போது சொல்வீர்கள் என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

மீதியை இப்போது கேளுங்கள். அது திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு மருந்தடிக்கும் நாட்கள். முந்தின வருஷம்தான் பக்கத்துத் தோட்டத்தில் மருந்துக் காற்றுப் பட்டு ஒரு குழந்தை வாந்தியெடுத்துச் செத்திருந்தது. வெளியே மருந்து, பக்கத்தில் கிணறு. பிள்ளையை வேறெங்கே வைப்பாள் அந்தத் தாய்? மருந்தடிக்கும் நாளில் மட்டும் மோட்டார் ரூமில் உட்காரவைத்து, “உள்ள கொஞ்சப் பேரு இருக்காக. பேசிக்கிட்டு இரு. சாயங்காலம் கேப்பேன்” என்பார். மருந்துக் காற்று புகாமல் கதவைச் சாத்தி, பூட்டாமல் கொண்டியை மட்டும் மாட்டுவார். வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, “ஏலே, உள்ள இருந்தவக என்ன சொன்னாக?”

ஒன்றும் சொல்லவில்லை என்றால் விடமாட்டார். “சும்மாவா இருப்பாக? நாளைக்கிக் கேட்டுட்டு வா” என்பார். அந்தக் கேள்விக்காகப் பையன் ஆட்களை உண்டாக்கினான். அவர்களுக்குப் பெயர் வைத்தான், சண்டை மூட்டினான், சமாதானம் செய்தான். பதினான்கு நாடகங்களையும் ஈஸ்வரபாண்டி முதலில் வாசித்துக் காட்டியது எழுதப் படிக்கத் தெரியாத இந்தத் தாய்க்குத்தான். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது அதே கேள்விதான்.

போன வாரம் உடலைக் கிடத்தியபோது இந்தத் தாய் தன் மகன் முகத்தருகே குனிந்து அதையேதான் கேட்டார். பின்னால் நின்ற ஒருவன், “கெழவிக்குப் புத்தி பெரண்டுருச்சு” என்று சிரித்தான். அவனும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான்.

தோழர்களே, குழு கலையாது. ஈஸ்வரபாண்டி பாதியில் விட்டுப்போன பதினைந்தாவது நாடகத்தை முடிப்போம். இந்தக் கதையின் மறுபாதியை நான் விழுங்கினேன் என்பதையும் சேர்த்தே முடிப்போம். அதன் முதல் அரங்கேற்றம் அந்த மோட்டார் ரூம் வாசலில். இது உறுதி. பிரின்ஸ் அவர்களே, இன்று உங்கள் படம் இங்கே ஓடாது. திரையை நானே சுருட்டப்போகிறேன். தடுப்பவர் மேலே வரலாம்.

ஆத்தா, அன்னைக்கிக் கேட்டீகல்ல, உள்ள இருந்தவக என்ன சொன்னாகன்னு. பதில் சொல்ல வேண்டியவுக போயிட்டாக. நான் சொல்றேன். அந்தக் கதவுக்குப் பூட்டே கெடையாதுன்னு சொன்னாக.