காணாமல்போன தம்பியின் கைபேசி என் வீட்டு வைஃபையில் சேர்ந்தது குறித்து

என் பெயர் நெவன் ஸ்குலிச். தகப்பனார் பெயர் ஆன்டே ஸ்குலிச், காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து நான்கு. தெற்கு ஆஸ்திரேலியா, போர்ட் லிங்கன் ஊரில், நீச்சல் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி உள்ள வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். கோதுமைக் கிடங்கில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டரையும் வீட்டு நெட்வொர்க்கையும் பிரித்துப் பார்ப்பதும் சரிசெய்வதும் என் பொழுதுபோக்கு. அதற்காக எங்கும் படித்தவன் அல்ல.

என் தம்பி லூக்கா ஸ்குலிச் சென்ற ஆண்டு மார்ச் மாதம் தனியாகத் தன் அலுமினியப் படகில் கிழங்கான் மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகு ஊருக்கு எதிரே உள்ள தீவுக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. இது பற்றிய விசாரணை இந்தக் காவல் நிலையத்தில் உள்ளது. அவன் மனைவி கார்லீனும், பன்னிரண்டு வயது மகள் மிலாவும் இதே ஊரில் இருக்கிறார்கள். லூக்கா உயிருடன் இருக்கலாம் என்று போன மாதம் தங்களிடம் வந்து சொன்னது நான்தான். அதைத் திருத்திச் சொல்லவே இப்போது வந்திருக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வது வழக்கம். லூக்கா பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் வந்து என் கழுத்தில் குளிர்ந்த பீர் டப்பாவை வைப்பான். ஒரு தடவை நான் துள்ளியதில் காப்பி சிந்தி ஒரு கீபோர்டு வீணானது. அதன் பிறகு நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அவனுடைய கைபேசி என் வீட்டு வைஃபையில் சேர்ந்த உடனே என் மேசை மேல் ஒரு சின்ன நீல விளக்கு எரியும். அவன் வந்து அதைப் பார்த்துவிட்டு, "தம்பி வரான்னு தெரிஞ்சுக்க அண்ணனுக்கு ஒரு மிஷின் வேண்டியிருக்கு. நல்லா ஓடுற நெட்ட நோண்டி நிறுத்துறதுக்குன்னே பொறந்தவன்டா நீ" என்றான். மூத்தவன் என்ற மரியாதை எல்லாம் அவனிடம் கிடையாது.

அவன் போன பிறகும் அந்த விளக்கை நான் எடுக்கவில்லை. இடையில் ரூட்டரை மாற்றினேன். வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. மாற்றினால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் மறுபடி அடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் அப்போது இல்லை.

இந்த ஆண்டு ஈஸ்டர் முடிந்த மறு வாரம், வேலை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்திருந்தபோது நீல விளக்கு எரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்வாசலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால் தெரியாது.

பழுது என்றுதான் நினைத்தேன். லூக்காவின் கைபேசிக்கு என்று ஒதுக்கிய முகவரியை ரூட்டர் வேறு ஏதாவது கருவிக்குக் கொடுத்திருக்கலாம், அப்படி நடப்பது உண்டு. அதைச் சரிபார்த்தேன். அப்படி இல்லை. அதன் பிறகு விளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன். விளக்கை எரியச் சொல்லும் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். மறுபடி எரிந்தது. செவ்வாயும் வியாழனும் மட்டும், பிற்பகலில் எரிந்தது. பழுதுக்குக் கிழமை தெரியாது. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு டக் என்பவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து என்ன குடைகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர், "ஆள் வந்தா எரியுமா? எங்க வீட்டுக்கும் ஒண்ணு போடுப்பா. பொண்டாட்டி வர்றது தெரிஞ்சா ஷெட்டுக்குள்ள போய்க்குவேன்" என்றார். அதன் பிறகுதான் யாருக்கான விளக்கு என்பது அவருக்கு நினைவு வந்தது. வேலியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

ஒவ்வொரு கைபேசியும் வைஃபையில் சேரும்போது தனக்குரிய ஓர் அடையாள எண்ணைச் சொல்லித்தான் சேரும். ஒரு வியாழன் விளக்கு எரிந்த நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்தேன். அது லூக்காவின் கைபேசியேதான். அது கடலில் அவனோடு போனது என்று கார்லீன் தங்களிடம் சொல்லியிருந்தார். அது என் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கோ உயிரோடு இருந்தது. பழைய குறிப்போடு அந்த எண்ணை மறுபடி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன்.

அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்து தங்களிடம் சொன்னேன். தாங்கள் தொலைபேசி நிறுவனத்தில் விசாரித்து, லூக்காவின் தொலைபேசி எண் துண்டிக்கப்பட்டுவிட்டது, எந்தக் கோபுரத்திலும் அந்தக் கைபேசி தெரியவில்லை என்று சொன்னீர்கள். துண்டித்த கைபேசியும் வைஃபையில் சேரும் என்று நான் சொன்னேன். பார்க்கிறோம் என்று சொன்னீர்கள்.

அன்றே கார்லீன் வீட்டுக்குப் போனேன். மிலா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கார்லீன் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே, லூக்கா உயிரோடு இருக்கிறான், இந்த ஊரில்தான் இருக்கிறான் என்று சொன்னேன். கார்லீன் கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"லைட்டு எரிஞ்சதுக்கு செத்தவரு வந்துட்டார்னு அர்த்தமா நெவன்? பல்பு கெட்டிருக்கும்."

"பல்பு மாத்திட்டேன் கார்லீன். எல்லாத்தையும் மாத்திட்டேன். அவன் போன்தான்."

"மிலாகிட்ட சொல்லாதீங்க" என்றார். "என்ன ஆனாலும் அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

நான் சரி என்றேன். எனக்கு அப்போது இருந்த மகிழ்ச்சியில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. தேநீர் வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு விளக்கு எரியவில்லை. அடுத்த செவ்வாய் இல்லை, வியாழன் இல்லை, அதற்கு அடுத்த வாரமும் இல்லை. நான் போலீசுக்குப் போனது தெரிந்து லூக்கா ஓடிவிட்டான், நானே தம்பியை விரட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அவன் ஏன் ஒளிய வேண்டும், ஒளிபவன் ஏன் என் வீட்டுப் பக்கம் வர வேண்டும் என்று யோசித்தால் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேலையில் இரண்டு லாரிக்கு எடையை மாற்றி எழுதி, மேலாளரிடம் பேச்சு வாங்கினேன்.

கிட்ட வரப் பயப்படுகிறான் என்றால் எட்டத்திலிருந்தாவது அவனுக்குக் கிடைக்கட்டும் என்று, பின்பக்க ஷெட்டின் கூரை மேல் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். அதன் பிறகு பின் சந்தின் கடைசி வரை என் வைஃபை எட்டியது. வழக்கமாக வெளியாள் நுழையாதபடி அடைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை. நான் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்து வந்த வியாழன் பிற்பகல் விளக்கு எரிந்தது. கைபேசி எந்தப் பெட்டி வழியாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தேன். ஷெட்டில் உள்ளதன் வழியாக. ஆகவே அது பின் சந்தில் இருந்தது. செருப்பு போடாமல் பின்வாசல் வழியாக ஓடினேன். சந்தின் கடைசியில் கார்லீனின் வெள்ளை பிக்கப் வண்டி நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கார்லீன் ஒரு கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தார். லூக்காவைத் தேடி வண்டிக்குள் பார்த்தேன். பின் தட்டிலும் பார்த்தேன். மிலாவின் பள்ளிக்கூடப் பை மட்டும் கிடந்தது.

கார்லீன் கண்ணாடியை இறக்கி, முதலில் கேட்டது இதுதான்:

"இங்க வரைக்கும் சிக்னல் சரியா வராதே. இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

"நான்தான் நீட்டினேன்" என்றேன். "அவனுக்காக."

கார்லீன் கைபேசியை மடியில் இறக்கினார். கைபேசியிலிருந்து லூக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. எங்கே, எந்தக் காற்றில், என்ன மீன் கடித்தது என்பதை அவன் எழுதி வைக்க மாட்டான், சோம்பேறி. கைபேசியில் பேசிப் பதிந்து வைப்பான். அவை இணையத்தில் சேமிக்கப்பட்டிருப்பதால் நெட் இருந்தால்தான் கேட்க முடியும். நான் கேட்டது இது: "காத்து தெக்கேருந்து. தண்ணி கலங்கல். கிழங்கான் கொஞ்சம் கெடச்சுது. அண்ணனுக்கு ரெண்டு குடுக்கணும். நெட்டு மறுபடி படுத்துருச்சாம், சோறு தண்ணி இல்லாம அதோட மல்லுக்கட்டிட்டு இருப்பான்."

அதன் பிறகு கார்லீன் என்னிடம் சொன்னது பின்வருமாறு. லூக்கா காணாமல்போன அன்று மிலாவுக்கு நீச்சல் போட்டி இருந்தது. கடலுக்குப் போகக் கூடாது என்று லூக்காவோடு சண்டை போட்டார். கைபேசி இல்லாமல் போக மாட்டான் என்று நினைத்து, அதை அணைத்துத் துணி துவைக்கும் பொடி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். லூக்கா வீடெல்லாம் தேடிவிட்டு, "கெடக்கட்டும் விடு. கிழங்கானுக்கு போன் போட்டா கூப்பிடப்போறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். படகிலிருந்த ரேடியோ பழுது என்பது இருவருக்கும் தெரியும். இரவு தேடல் படகுகள் புறப்பட்டபோது, கைபேசி கொண்டுபோனாரா என்று கேட்டதற்கு, கார்லீன் ஆம் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு வார்த்தை நெவன். வாய்ல வந்துருச்சு. அதுக்கப்புறம் எப்படித் திரும்ப எடுக்கறது?"

கைபேசியை வீட்டுக்குள் வைக்கத் தைரியம் வராமல் வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். செவ்வாயும் வியாழனும் மிலாவுக்குக் குளத்தில் பயிற்சி. அது முடியும்வரை என் பின் சந்தில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். ஒரு நாள் படங்களை மட்டும் பார்க்கலாம் என்று கைபேசியை ஆன் செய்தபோது, அது தானாக என் வைஃபையில் சேர்ந்து, குரல்கள் எல்லாம் வந்து விழுந்தன. நான் விளக்கு பற்றிச் சொன்ன பிறகு நிறுத்தினார். முடியவில்லை. எட்டத்தில் நிறுத்தினால் விளக்கு எரியாது, ஒருவேளை குரல் மட்டும் கொஞ்சம் வரும் என்று அன்று வந்திருந்தார்.

"அவர் உயிரோட இருக்கார்னு நீங்க சொன்னப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். அதன் பிறகு, "போன் இருந்திருந்தா அவர் கூப்பிட்டிருப்பாரா நெவன்? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. அங்க சிக்னல் எடுக்குமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்போது தம்பி எனக்கு இரண்டாவது முறை செத்திருந்தான். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. யார் மேல் என்று தெரியவில்லை. மிலா பயிற்சி முடிந்து காத்திருப்பாள் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை டக்கின் படகில் போனேன். "எதுக்குன்னு நான் கேக்கல. பெட்ரோல் உன்னுது" என்று மட்டும் சொன்னார். லூக்கா வைத்திருந்த அதே நிறுவனத்தின் இணைப்பு என் கைபேசியிலும் உண்டு. படகு கவிழ்ந்து கிடந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மிதந்துகொண்டே பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அலை தூக்கியபோது திரையில் ஒரு சிக்னல் கோடு வந்தது. இறங்கியபோது போனது. என் வீட்டுக்கு அழைத்தேன், போகவில்லை. பல தடவை அழைத்தேன். ஒரு தடவை மட்டும் மணி அடிக்கும் சத்தம் கேட்டது, உடனே அறுந்தது. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றேன். டக், "உக்காருய்யா, நீயும் விழுந்து தொலைக்காத" என்றார். நீரில் கிடப்பவன் கையில் அது எடுத்திருக்குமா, நனைந்தும் வேலை செய்திருக்குமா, அன்றைய காற்றில் எப்படி இருந்திருக்கும் என்பவை எனக்குத் தெரியாது. எந்தப் பழுதையும் இதுதான் என்று கண்டுபிடிக்காமல் நான் விட்டதில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

கரைக்கு வந்ததும் கார்லீன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டார். அங்கே சிக்னல் அறவே இல்லை, கைபேசி இருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது என்று சொன்னேன்.

"சத்தியமா?" என்றார்.

"சத்தியமா" என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அதன் பிறகு, தானே காவல் நிலையத்துக்கு வந்து உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். இப்போது வெளியே பெஞ்சில் இருக்கிறார். எனக்குப் பிறகு அவருடைய வாக்குமூலம் பதிவாகும் என்று அறிகிறேன்.

படகில் சோதித்ததைப் பற்றித் தாங்கள் கேட்டதால், நடந்ததை நடந்தபடி மேலே சொல்லியிருக்கிறேன். நான் கார்லீனிடம் சொன்னது அது அல்ல. இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மரண விசாரணை நீதிமன்றத்தில் இது முழுவதும் வாசிக்கப்படலாம், உறுதி தர முடியாது என்று அதிகாரி ஹெதர் ப்ளண்டல் சொன்னார். கையெழுத்துக்கு முன் எதையாவது அடித்து நீக்க வேண்டுமா என்றும் கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த வரிகளில் பேனாவை வைத்தேன். கதவுக்கு வெளியே கார்லீன் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ கேட்கும் குரல் கேட்டது. எதையும் அடிக்கவில்லை.

இவை யாவும் என் கண்ணும் காதும் அறிந்தவரை நடந்தவை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நெவன் ஸ்குலிச்

என் முன்னிலையில்: ஹெதர் ப்ளண்டல், காவல் அதிகாரி, போர்ட் லிங்கன்