ஏழு செட்டும் ஒரு மொட்டையும்

— எழுதிக்கிறேன், கேளுங்க. எண்பத்து மூணாம் வருஷம், ஆடிக் கிருத்திகை, திருத்தணி சரவணப் பொய்கை. காலைல பத்து மணி. பள்ளிப்பட்டு சுந்தரமூர்த்தி, மொட்டை, மஞ்ச வேட்டி, நாலாவது தடவையா கண்டுபுடிக்கப்பட்டாரு.

— நான் தொலைஞ்சாத்தானே நைனா கண்டுபுடிக்கணும்! படியில கால வெச்சா உன் ஆளுங்க அமுக்கி இங்க இட்டாந்துடறானுங்க. ரேடியோ ரிப்பேர் ஜம்புலிங்கம்னு பாத்தா, புள்ள புடிக்கிறவனாட்டம் கீறியே!

— உங்க சம்சாரம்தாங்க வெடிகாலையில காணோம்னு அழுதுச்சு. மலை மறைக்குது, இங்க பேசினா உச்சிக்குக் கேக்காது. அதான் படி நெடுக ஏழு வயர்லெஸ் செட்டு. ஒருத்தன் கேட்டத அடுத்தவனுக்குச் சொல்லணும். ரூல்னா ரூலு.

— அப்பவே கெடைச்சுட்டேனே!

— நீங்க கெடைச்சுட்டீங்க, சேதி நிக்கல. மூணாவது செட்டு சொன்னத அஞ்சு கேக்குது, அஞ்சு சொன்னத மூணு கேக்குது. புதுசுன்னு நெனச்சி மறுபடி சொல்லிக்கினே கீறானுங்க.

— "கெடைச்சுட்டாரு"ன்னு சொல்றது?

— சொன்னேனே, அதுவும் கூடவே சுத்துது. ஒரு படில புடிக்கிறான், அடுத்த படில வுட்டுடறான்.

— முருகா! அவ மேல வரிசை புடிச்சிகினு நிக்கிறா. எதனா பண்ணு நைனா.

— இருங்க. ஏழு செட்டும் கேளுங்க! ஒரு தரம் கேட்ட சேதிய மறு தரம் சொல்லக் கூடாது. சுந்தரமூர்த்தின்னு காதுல வுழுந்தா வாயே தொறக்காதீங்க. ஓவர்.

— யாருமே தொறக்க மாட்டாங்களா?

— மாட்டாங்க.

— உச்சியிலேர்ந்து கேட்டாலும்?

— எங்கேர்ந்து கேட்டாலும். தைரியமா போங்க.

— மவராசனா இரு நைனா.

— சார், படி இந்தாண்ட. அது பஸ் ஸ்டாண்டு ரோடு.

— ஆங், ஒரு சோடா குடிச்சிட்டு ஏறிக்கிறேன்!

— அண்ணா, ஜம்புலிங்கம் அண்ணா! மணி பன்னண்டாவுது, வரிசைய வுட்டுட்டு கீழ எறங்கியே வந்துட்டேன். எங்க வூட்டுக்காரர இன்னும் காணோம்.

— வள்ளிநாயகியம்மாவா? நல்லா தேடினீங்களா? பத்து மணிக்கே ஏறிட்டாரே.

— ஏறினாரா? இனிமே சீட்டாட மாட்டேன்னு முருகன் முன்னால கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணணும், அதுக்குத்தான் இட்டாந்தேன். நாலு தரமும் அவரு எறங்கி ஓடறப்பத்தான் உங்க ஆளுங்க புடிச்சாங்க. செட்டுல திரும்பச் சொல்லுங்கண்ணா.

— ஏழு செட்டும் கேளுங்க. பள்ளிப்பட்டு சுந்தரமூர்த்தி. மொட்டை, மஞ்ச வேட்டி. ஓவர்... ஓவர்...

— இன்னாண்ணா, யாருக்கும் கேக்கலியா?

— ஏழு பேருக்கும் கேட்டுதும்மா. சொல்ல மாட்டாங்க.