கரிக்கு இரண்டு ஊசி, மைக்கு ஒன்றுமில்லை

மேலே குறிக்கப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது ஐம்பத்தெட்டு. தொழில் வழக்கறிஞர். எவருடைய வற்புறுத்தலும் இன்றி நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தருமாறு கோரி இதைச் சொல்கிறேன்.

என் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கறுப்பு நாய்கள் உள்ளன. பெயர் கரி, மை. கழுத்துப்பட்டையின் நிறத்தைக் கொண்டுதான் வெளியார் அவற்றைப் பிரித்தறிய முடியும். கரி யார் தொட்டாலும் பேசாமல் நிற்கும். மை வீட்டாரைத் தவிர எவரையும் அண்டவிடாது, வாகனத்திலும் ஏறாது. அவை குட்டிகளாக வந்த நாள் முதல் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது, எங்களுடன் வசிக்கும் என் மைத்துனரின் பொறுப்பு.

சென்ற புதன்கிழமை காலை, சைக்கிளில் சாணைச் சக்கரம் பொருத்திய ஒருவரை என் மனைவி அழைத்துச் சமையலறைக் கத்திகளைக் கொடுத்தார். தீட்டி முடித்து அவற்றைத் திருப்பித் தர அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, மை பாய்ந்து அவருடைய இடது கெண்டைக்காலைக் கடித்தது. பற்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. அதன் பிறகு நான் அவரைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டேன். அவர் சிரித்தபடி, "கத்தியோட வந்தவன் நான், கடிச்சது அது. இப்ப கேஸ் யார் மேல சார்?" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வருமாறு அழைத்தேன். "ஊசி போட்ட நாய்தானே?" என்று கேட்டார். போட்டதுதான் என்றேன். "அப்புறம் எனக்கு எதுக்கு ஊசி? அங்க போனா இன்னிக்குப் பொழப்பு போச்சு" என்றார். நான், "பொதுவா பெரிசா ஒண்ணும் ஆகாதுங்க. இருந்தாலும் ஒருதடவை காட்டிடுங்க" என்றேன். 'பொதுவாக' என்ற சொல்லைத் தெரிந்தேதான் சேர்த்தேன். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மேற்கொண்டு நான் வற்புறுத்தவுமில்லை.

அதன் பிறகு, நேற்று முதல் மை உணவைத் தொடவில்லை. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, அழைத்த குரலுக்கு வரவில்லை. வாயோரம் எச்சில் ஒழுகியது. நான் தொலைபேசியில் கால்நடை மருத்துவரிடம், ஊசிகள் தவறாமல் போடப்பட்ட நாய் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மைத்துனர் என் கையைப் பிடித்தார்.

"மாமா, அப்படிச் சொல்லாதீங்க. மைக்கு ஒரு ஊசிகூடப் போடல."

"என்னடா சொல்ற?"

"அது வண்டியிலயே ஏற மாட்டேங்குது. ஒருதடவை என்னையே கடிக்க வந்துச்சு. அதான் பட்டையை மாத்திக் கட்டி, கரியையே ரெண்டாவது தடவையும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டும் சமத்துன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

என் மனைவி, "உனக்குக் காய்ச்சல் வந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஊசி போட்டாப் போதுமாடா?" என்று கேட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்து அழுதார்.

அதன் பிறகு வந்து பார்த்த மருத்துவர், மையைத் தனிக்கூண்டுக்குக் கொண்டுசென்றார். அது வெறிநோய்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், ஆனால் கடிபட்டவர் அது உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்றும் கூறினார். "அவருக்கு நோய் ஆரம்பிச்சிட்டா அப்புறம் காப்பாத்த மருந்தே இல்ல சார். இப்ப ஊசி போட்டா காப்பாத்திடலாம். முதல்ல ஆளைப் பிடிங்க" என்றார்.

இன்று காலை நாங்கள் மூவரும் முதல் தவணை ஊசியைப் போட்டுக்கொண்டோம். அந்தப் பஞ்சு இன்னும் என் கையில் ஒட்டியிருக்கிறது. அதன் பிறகு தையற்கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் விசாரித்தேன். அவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இருப்பிடம் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய பெயரை நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மெலிந்தவர், முன்பல் ஒன்று இல்லை, சைக்கிள் கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும்.

மைத்துனர் செய்தது அச்சத்தால் விளைந்த அறியாமை. ஆனால் அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக் காரணம் என் வாய்ச்சொல்தான். அதற்காக என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

சொன்னவை யாவும் நான் அறிந்தவரை உண்மை. இதை எனக்கு வாசித்துக் காட்டி, பிழை திருத்தி, அதன் பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்பது முறை. வாசித்துப் பார்க்காமல் ஒப்பமிட என் கட்சிக்காரர் ஒருவரையும் நான் இதுநாள்வரை விட்டதில்லை. வாசிக்கும் நேரத்தில் ரோந்து வண்டிகளுக்குச் செய்தி போகட்டும் எனக் கோரி, வாசிக்காமலே கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)